சிவகாமிக்கு வந்தது என்ன

பினாங்கில் புது வீடு வாங்கிக் குடிபோகிற தமிழர்கள் பலருடைய கைப்பேசியில் குமுதாவின் எண் இருக்கிறது. 'குமுதா' என்று யாரும் பதிந்து வைத்திருக்க மாட்டார்கள். 'மாட்டு அக்கா' என்றுதான் இருக்கும். அதில் அவளுக்கு வருத்தம் ஒன்றுமில்லை. வீடு குடிபோவதற்கு ஐயரை எங்கிருந்தும் கூட்டி வரலாம், பூவும் பழமும் பாசாரில் கிடைக்கும். பசுவும் கன்றும் வேண்டுமென்றால், தண்ணீர்மலைக்குப் பின்புறம் ஓடைக்கரையில் கொட்டகை போட்டிருக்கிற குமுதாவிடம்தான் வந்தாக வேண்டும்.

பசுவின் பெயர் சிவகாமி. வெள்ளைத் தோல், நெற்றியில் மட்டும் பழுப்புத் திட்டு. புது வீட்டு வாசலில் கன்றோடு நின்று, நாலு வாழைப்பழம் தின்று, ஒரு முறை சாணி போட்டுவிட்டு வருவதுதான் அதன் தொழில். இப்போதெல்லாம் யார் தரையில் வீடு வாங்குகிறார்கள்? எல்லாம் அடுக்குமாடி கொண்டோ, இருபதாவது மாடி. மாடு லிஃப்டில் ஏறாது. ஏறச் சம்மதித்தாலும் வாசலில் காவலுக்கு இருக்கிற ஜாகா விடமாட்டார். அதனால் கோபூஜை கார் நிறுத்துமிடத்தில் நடக்கும். சிவகாமி அங்கே சாணி போட்டால் வீட்டுக்கார அம்மாள் லட்சுமியே வந்துவிட்டாள் என்று கைகூப்புவாள், ஜாகா தலையில் கைவைத்துக்கொள்வார். குமுதா இரண்டு பேரையும் சமாளிப்பாள்.

அதற்கு முன்னால் இருபத்தேழு வருஷம் பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருந்தவள் அவள். உருப்பெருக்கிக்குக் கீழே அரிசிக்குறுணை அளவு சில்லைப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கம், கெட்டதை அந்தப் பக்கம் தள்ள வேண்டும். சந்தேகம் வந்தால் பக்கத்து மேசைக்காரியிடம் கொடுக்க வேண்டும், அப்புறம் அடுத்தவளிடம். மூன்று பேரும் ஒரே பதில் சொன்னால் அதுதான் முடிவு. வேலையை விட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் அவளை விடவில்லை. மீன் பழசா புதுசா என்று தெரிந்துகொள்ளக்கூட மூன்று பேரைக் கேட்பாள். கணவன் சுகுமாரன் தொழிற்சாலைப் பேருந்து ஓட்டுகிறவன், ரொம்பப் பேசமாட்டான். "நீ என்னைக் கட்டிக்கிறதுக்கு முன்னாடி எந்த மூணு பேரைக் கேட்ட?" என்று மட்டும் எப்போதாவது கேட்பான்.

ஒரு திங்கட்கிழமை காலையில், சிவகாமியைத் தேய்த்துக் குளிப்பாட்டும்போது, கழுத்துக்குக் கீழே குமுதாவின் கையில் ஏதோ தட்டுப்பட்டது. கொசுக்கடி என்று விட்டுவிட்டாள். ஓடை ஓரம், கொசுவுக்கா பஞ்சம். மறுநாள் அது கொசுக்கடி இல்லை என்று தெரிந்தது. கழுத்திலும் விலாவிலும் பாக்கு அளவுக்குக் கட்டி கட்டியாக எழும்பியிருந்தது. அழுத்தினால் கெட்டியாக இருந்தது, மாடு சிலிர்த்து விலகியது. தீனியில் பாதி அப்படியே கிடந்தது.

சுகுமாரன் வந்து பார்த்தான். பார்த்தவன் செருப்பைக் கழற்றிக் கொட்டகைக்கு வெளியே விட்டுவிட்டு வந்து மறுபடி பார்த்தான்.

"அம்மா இறங்கியிருக்கா" என்றான்.

"மாட்டுக்கா?"

"மாட்டுக்கு வராதா என்ன? ஊசி கீசின்னு ஓடாத. அம்மா தானா வருவா, தானா போவா."

அன்றைக்கே கொட்டகை வாசலில் வேப்பிலை கட்டினான், கட்டிகளில் மஞ்சள் பூசினான். வீட்டில் தாளிக்கக் கூடாது, எண்ணெயில் பொரிக்கக் கூடாது, சிவகாமியை எங்கேயும் ஓட்டிப் போகக் கூடாது என்று மூன்று உத்தரவு போட்டான். கெலுகோரில் ஒரு கொண்டோவுக்கு ஞாயிற்றுக்கிழமை போவதாக ஒப்புக்கொண்டிருந்தார்கள். அதை ரத்து செய்யச் சொன்னான். சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. நோயுள்ள மாட்டை நகர்த்தாதே என்பதைக் கைப்பேசி சொல்வதற்கு முன்னால் அம்மன் சொல்லிவிட்டாள். ஆனால் நாலாவதாக ஒன்றும் சொன்னான். அம்மை கண்ட வீட்டில் தாயையும் பிள்ளையையும் பிரிப்பது பாவம், கன்று பக்கத்திலேயே இருக்கட்டும் என்றான்.

குமுதா மாரியம்மனுக்கு விளக்கேற்றாமல் சோறு தின்னாதவள்தான். இருந்தாலும் இருபத்தேழு வருஷம் உருப்பெருக்கியைப் பார்த்த கண் சும்மா இருக்குமா? அம்மைதானா, வேறு ஏதாவதா, தொற்றுமா, கன்றுக்கு வருமா, மனுஷருக்கு வருமா? நல்லதா கெட்டதா என்று ஒரு பதில் வேண்டும். அவள் கைப்பேசியை எடுத்தாள். அங்கேதான் கிறுகிறுப்பு ஆரம்பித்தது.

முதலில் தமிழ்நாட்டுக் காணொளி ஒன்று. மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவர் இதற்குத் தோல் கழலை நோய் என்று பெயர் சொல்லி, வெற்றிலையும் மிளகும் உப்பும் வெல்லமும் அரைத்து நாக்கில் தடவச் சொன்னார். அடுத்த காணொளியில் மாலை போட்ட இன்னொருவர், இது கழலையே இல்லை, ரத்தத்தில் சூடு, தேங்காயெண்ணெயும் கற்பூரமும் போதும் என்றார். மூன்றாவதில் ஒரு பெண், வெல்லம் கொடுத்தால் மாடு செத்துப்போகும் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள். மூவருக்கும் லட்சக்கணக்கில் பார்வையாளர்கள். கீழே எல்லோரும் நன்றி நன்றி என்று எழுதியிருந்தார்கள்.

மலாயில் தேடினாள். 'குலிட் பெர்கெத்துல்' என்று வந்தது. தோலில் கட்டி என்று அர்த்தம், அது அவளுக்கே தெரியும். நோயுள்ளதைத் தனியே பிரித்துக் கட்டு என்று ஒரு பக்கம் சொன்னது. அது எந்த வருஷத்துப் பக்கம் என்று போடவில்லை. ஆங்கிலத்தில் தேடியபோது அழகான பக்கம் ஒன்று கிடைத்தது, படமெல்லாம் தெளிவு. இந்த நோய் எங்கள் நாட்டில் இல்லை, கண்டால் உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள் என்று எழுதியிருந்தது. குமுதா அழைத்தாள். இணைப்புக் கிடைக்கவில்லை. கடைசியில் பார்த்தால் அது ஆஸ்திரேலியா. இன்னொரு இடத்தில் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாம் என்று இருந்தது. அதற்குக் கீழேயே ஒருவர், பால் குடித்த குழந்தைக்கு உடம்பெல்லாம் கட்டி என்று படம் போட்டிருந்தார். குமுதா பாலை ஓடையில் ஊற்றினாள். ஊற்றிவிட்டு, ஊற்றியிருக்கலாமா கூடாதா என்று அதற்கு வேறு தேடினாள்.

கெலுகோரில் இருக்கும் பிராணி மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எடுத்த பெண் ரொம்ப மரியாதையாகப் பேசினாள்.

"ஆண்ட்டி, நாங்க பூனை, நாய் மட்டும்தான் பாக்குறோம். மாடுன்னா கவர்மெண்டு வெட்னரி ஆபீஸ்ல கேளுங்க."

கேட்டிருக்கலாம். அரசாங்கக் கால்நடை அலுவலக எண் அந்த மலாய்ப் பக்கத்திலேயே இருந்தது. குமுதா எண்ணைத் தட்டி, கடைசி இலக்கத்தில் நிறுத்தினாள். அரசாங்கத்தோடு பேசுவதற்கு முன்னால் யாரையாவது கேட்டுக்கொள்வது நல்லது என்று பட்டது. புக்கிட் மெர்தாஜாமில் இரண்டு கறவை மாடு வைத்துப் பால் விற்கும் தங்கை ஜெகதீஸ்வரியை அழைத்தாள்.

"அக்கா, அந்த வேலைய மட்டும் பண்ணிடாத" என்றாள் ஜெகதீஸ்வரி. "அவங்க வந்தா ஊசி போட மாட்டாங்க லா. கொன்னு குழியில போட்டுருவாங்க. கன்னையும் சேர்த்து."

"யார் சொன்னா?"

"எல்லாருக்கும் தெரியுமே. வீடியோவே இருக்கு."

குமுதா போனை வைத்தாள். ஒரு பேச்சை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது என்று, மறுநாள் தவிடு வாங்கப் போனபோது கடைக்காரரிடம் பட்டும் படாமலும் கேட்டாள். மாட்டுக்குக் கட்டி வந்தால் அரசாங்கத்தில் என்ன செய்வார்கள் அண்ணே? அவர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல், "புதைச்சிருவாங்க. சும்மா விடுவாங்களா?" என்றார்.

மூன்றாவது ஆள் ஹைதர். ஓடைக்கு அந்தப் பக்கம் அவனுடைய கொட்டகை. இரவில் உணவுக்கடையில் சமையல் வேலை, பகலில் ஐந்தாறு காளைகளைப் பார்த்துக்கொள்வான். ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் பலிக்காக வளர்க்கிறவை. இந்தப் பக்கம் குங்குமம் வைத்த மாடு, அந்தப் பக்கம் பெருநாள் மாடு. புல் அறுப்பதில், தண்ணீர்க் குழாய் இழுப்பதில், மழையில் கூரை பறந்தால் பிடிப்பதில் இரு குடும்பத்துக்கும் ஒற்றுமை உண்டு. அந்தக் காளைகள் பெருநாளன்று எங்கே போகின்றன என்ற பேச்சை மட்டும் பத்து வருஷத்தில் ஒருவரும் எடுத்ததில்லை. குமுதா வேலியோரம் நின்று, தங்கை வீட்டு மாட்டுக்கு என்னவோ வந்திருப்பதாகப் பொய் சொல்லிக் கேட்டாள்.

"ஆபீஸ்ல சொன்னா என்ன தம்பி பண்ணுவாங்க?"

ஹைதர் குழாயை மூடினான். திரும்பிப் பார்க்கவில்லை.

"முடிச்சிருவாங்கக்கா" என்றான். "மொத்தமா."

தங்கை, கடைக்காரர், ஹைதர். தனித்தனியாகக் கேட்ட மூன்று பேர், ஒரே பதில். தொழிற்சாலைக் கணக்குப்படி இதற்கு மேல் கேள்வி கிடையாது. அன்றிலிருந்து குமுதாவுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது. போன் செய்தால் சிவகாமியைக் கொன்றுவிடுவார்கள். செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் தெரியவில்லை.

சிவகாமிக்குக் காய்ச்சல் ஏறியது. மூக்கிலிருந்து ஒழுகியது, ஒரு கண்ணிமையில் கட்டி எழும்பிக் கண் மூடிக்கொண்டது. முன்னங்கால் வீங்கி, நிற்கவும் படுக்கவும் முடியாமல் மாடு தவித்தது. குமுதா ஒரு நாள் வெற்றிலையும் மிளகும் அரைத்தாள். மறுநாள் அதை நிறுத்திவிட்டுக் கற்பூரம் பூசினாள். அடுத்த நாள் இரண்டும் வேண்டாமென்று வேப்பிலைத் தண்ணீர் ஊற்றினாள். கன்றைப் பிரித்துக் கட்டப் போவாள். கன்று கத்தும், சுகுமாரன் முகம் சுருங்கும், பாவம் என்பது ஞாபகம் வரும், மறுபடி அவிழ்த்து விடுவாள். காலையில் பிரித்து, மதியம் சேர்த்து, மாலையில் பிரித்து. அந்தக் கன்றுக்கே தலை சுற்றியிருக்கும்.

பள்ளிக்கூடத்தில் வாத்தியார் ஒரு பழமொழி சொல்லிக்கொடுத்திருந்தார். கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய். குமுதா தீரத் தீரத்தான் விசாரித்தாள். எத்தனை விசாரித்தால் தீரும் என்று வாத்தியார் சொல்லவில்லை. கைப்பேசி சூடேறிவிட்டது, கண் எரிந்தது. மாட்டைப் பார்க்கும் நேரத்தைவிட மாட்டைப் பற்றிப் பார்க்கும் நேரம் அதிகமாகிவிட்டது. அவளுக்கே அது தெரிந்தது, வெட்கமாகவும் இருந்தது, ஆனாலும் கை தானாகத் திரையைத் தள்ளிக்கொண்டே போனது.

ஒரு காலையில் கன்று மடியில் வாய் வைக்கவில்லை. தொண்டைக்குக் கீழே தடவிப் பார்த்தாள். அதே கெட்டி, அதே பாக்கு அளவு. வாய்க்குள்ளும் புண். கன்று அவள் கையை நக்க முயன்று முடியாமல் தலையைத் தொங்கப்போட்டது. குமுதா தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அழுது முடித்ததும் ஹைதரின் காளைகள் ஞாபகத்துக்கு வந்தன. ஈயும் கொசுவும் ஓடையில் பாஸ்போர்ட் காட்டிவிட்டா பறக்கின்றன? சிவகாமியிலிருந்து கன்றுக்கு வந்தது நாளைக்கு அந்தப் பக்கம் போகும். பெருநாளை நம்பி இருக்கிறவன். தங்கை வீட்டு மாடு என்று அவனிடம் பொய் வேறு சொல்லியிருக்கிறாள். போகிற உயிர் போகட்டும், அவனிடமாவது உண்மையைச் சொல்லிவிடுவோம் என்று எழுந்தாள். பலகைப் பாலத்தைக் கடந்து, கூப்பிடாமலேயே அவன் கொட்டகைக்குள் நுழைந்தாள்.

உள்ளே கடைசியில் ஒரு காளை தனியாகக் கட்டியிருந்தது. வெயில் கொளுத்துகிற காலையில் அதன் மேல் சாக்கு போர்த்தியிருந்தது. குமுதா சாக்கைத் தூக்கினாள். தோல் முழுக்கக் கட்டி. பாதிக்கு மேல் உடைந்து, காய்ந்து, கறுப்புப் பொருக்குத் தட்டியிருந்தது. சில இடங்களில் பொருக்கு உதிர்ந்து இளஞ்சிவப்புத் தோல் தெரிந்தது. சிவகாமியின் உடம்பில் ஒரு கட்டிகூட இன்னும் உடையவில்லை. எது முந்தியது, எது பிந்தியது என்று கண்டுபிடிக்க அவளுக்கு உருப்பெருக்கி தேவைப்படவில்லை.

பின்னால் ஹைதர் வந்து நின்றான். கையில் தீனி வாளி.

"எப்பத்திலேர்ந்து தம்பி?"

"மூணு வாரத்துக்கு மேல இருக்கும்கா." வாளியைக் கீழே வைத்தான். "உங்க மாட்டுக்கு வந்திருச்சுன்னு தெரியும். வேப்பிலை கட்டினத பார்த்தேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் கொசுவலையாச்சும் கட்டியிருப்பேனே." அவள் குரல் உயர்ந்தது. "ஒரு போனு பண்ணியிருக்கலாமே ஆபீஸுக்கு. இத்தன நாளு மூடி வச்சியே."

"எப்படிக்கா பண்ணுவேன்? நீங்கதானே அந்த வீடியோவ போட்டீங்க?"

குமுதாவுக்குப் புரியவில்லை. ஹைதர் கைப்பேசியை எடுத்து, தண்ணீர்மலைப் பக்கத்துக் கால்நடைக்காரர்கள் பத்திருபது பேர் இருக்கும் வாட்சாப் குழுவைத் திறந்து, மேலே மேலே தள்ளி, அவளிடம் நீட்டினான். 'மாடு வளர்ப்போர் கவனத்திற்கு. கட்டி வந்த மாடுகளை அரசாங்கம் கொன்று புதைக்கிறது. கோமாதாவைக் காக்க அனைவருக்கும் பகிரவும்.' கீழே காணொளி. மேலே அனுப்பியவர் பெயர். குமுதா.

அவள் அதை அனுப்பிய ஞாபகமே அவளுக்கு வரவில்லை. போன வருஷத் தேதி. யோசித்து யோசித்துப் பார்த்தாள். கோயில் குழுவில் யாரோ போட்டிருப்பார்கள். 'கோமாதாவைக் காக்க' என்று இருந்ததால், புண்ணியம்தானே என்று திறந்துகூடப் பார்க்காமல் தனக்குத் தெரிந்த மாட்டுக்காரர்களுக்கெல்லாம் தட்டி விட்டிருப்பாள். காலை வணக்கம் படங்களை அனுப்புவதைப் போலத்தான். ஜெகதீஸ்வரிக்கும் போயிருக்கும். தவிட்டுக் கடைக்காரரும் அந்தக் குழுவில் இருக்கிறார். மூன்று பேரைக் கேட்டாள், மூன்று பேரும் அவள் பேச்சையே அவளுக்குத் திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள்.

காணொளியை முதல் தடவையாக முழுதும் பார்த்தாள். இயந்திரம் குழி தோண்டுகிறது, மாடுகள் கிடக்கின்றன. நின்றுகொண்டிருந்த ஆட்கள் கனத்த அங்கி போட்டிருந்தார்கள். பேசும்போது அவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. பின்னால் மரங்களில் ஓர் இலை இல்லை.

"இது எந்த ஊரு தம்பி? நம்ம ஊர்ல எங்க வாயில புகை வருது?"

"நான் அத கவனிக்கலக்கா" என்றான் ஹைதர். "நீங்க போட்டதுன்னு நம்பிட்டேன். நீங்க எல்லாத்தையும் விசாரிச்சுட்டுத்தான் பேசுவீங்கன்னு."

குமுதா அவன் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தன்னுடையதை எடுத்தாள். அங்கேயே, அவன் கொட்டகையில் நின்றபடியே, அந்த மலாய்ப் பக்கத்து எண்ணுக்கு அழைத்தாள். இந்த முறை கடைசி இலக்கத்தையும் அழுத்தினாள்.

மதியத்துக்குள் வெள்ளை வேன் வந்தது. கால்நடை மருத்துவர் நூர் ஃபாத்திஹா, முப்பது வயதுக்குள் இருக்கும், முழங்கால் வரை ரப்பர்ப் பூட்ஸ். கூட இரண்டு உதவியாளர்கள். சுகுமாரன் வேப்பிலைக்குக் கீழே குறுக்கே நின்றான். மருத்துவர் வேப்பிலையைப் பார்த்தார், அவனைப் பார்த்தார். பூட்ஸை மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, உள்ளே வரலாமா என்று மலாயில் கேட்டார். அவன் விலகினான்.

சிவகாமியையும் கன்றையும் நிதானமாகத் தடவிப் பார்த்தார். காய்ச்சல் பார்த்தார், மூக்கு நீரும் ரத்தமும் எடுத்துப் புட்டிகளில் அடைத்தார். குமுதாவால் பொறுக்க முடியவில்லை.

"இது என்ன டாக்டர்? தோல் கழலை, லம்பி ஸ்கின்தானே? இல்ல அம்மையா? கொன்னுருவீங்களா?"

"லம்பி ஸ்கின் போலத்தான் இருக்கிறது" என்றார் அவர். "ஆனால் எனக்குத் தெரியாது. வேறு சிலதும் இப்படியே இருக்கும். பரிசோதனை முடிவு வந்த பிறகுதான் சொல்ல முடியும்."

குமுதா அவரையே பார்த்தாள். இத்தனை நாளில் எத்தனை முகங்கள், எத்தனை காணொளிகள். தெரியாது என்று சொன்ன முதல் ஆள் இந்தப் பெண்தான். ஏனோ அந்த ஒரு வார்த்தையில் அவளுக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மருத்துவர் மற்றதையும் சொன்னார். அதுவாகவே இருந்தால் மனுஷருக்குத் தொற்றாது. அதற்கென்று தனி மருந்து கிடையாது, புண் சீழ் பிடிக்காமல் பார்க்கலாம், காய்ச்சலுக்குக் கொடுக்கலாம், நல்ல மாடுகளுக்குத் தடுப்பூசி போடலாம். பெரிய மாடுகள் பெரும்பாலும் தேறிவிடும். இதற்காக இங்கே யாரும் மாட்டைக் கொல்வதில்லை. கன்றைப் பற்றி மட்டும் ஒன்றும் சொல்லாமல், அதன் பக்கத்தில் மண்டியிட்டு ஊசி போட்டார்.

பிறகு எழுந்து, முதல் கட்டியை எப்போது பார்த்தீர்கள் என்று குமுதாவையும், பாலம் தாண்டி வந்து நின்றிருந்த ஹைதரையும் கேட்டார். எங்கிருந்து எங்கே போயிருக்கும், எந்தக் கொட்டகைகளுக்கு உடனே தடுப்பூசி போடவேண்டும் என்று கண்டுபிடிக்க அது வேண்டும் என்றார்.

"நேத்து" என்றான் ஹைதர்.

குமுதாவின் நாக்கு நுனிக்கும் அதே வார்த்தைதான் முதலில் வந்தது. நேற்று என்றால் திட்டு விழாது, தாமதம் இருக்காது, கன்றுக்கு யாரும் பொறுப்பில்லை. நல்ல தகவல் கிடைக்கவில்லையே என்று இத்தனை நாளும் உலகத்தைத் திட்டிக்கொண்டிருந்தவள். இந்தப் பெண்ணுக்கு இப்போது வேண்டிய தகவல் உலகத்தில் அவள் ஒருத்தியிடம்தான் இருந்தது.

"போன வாரத்துக்கு முந்தின திங்கக்கிழமை" என்றாள். "தெரிஞ்சே சும்மா இருந்தேன் டாக்டர். தம்பி மாட்டுக்கு அதுக்கும் முன்னாடியே இருக்கு. அவன் பயந்தது என்னால. அவனைத் திட்டாதீங்க."

மருத்துவர் திட்டவில்லை. ஹைதரும் தலையைக் குனிந்தபடி, ஆமாம் என்றான்.

மறுநாள் காலையில் கன்று செத்துக் கிடந்தது. சிவகாமி ஒற்றைக் கண்ணால் அதைப் பார்த்தபடி, நக்கிக்கொடுத்துக்கொண்டிருந்தது. நோயில் செத்ததை அப்படியே போடக்கூடாது என்று மருத்துவரின் உதவியாளர்கள் வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டுக்கொண்டு வந்து, கொட்டகைக்குப் பின்னால் ஆழமாகக் குழி வெட்டிச் சுண்ணாம்பு கொட்டிப் புதைத்தார்கள். சுகுமாரன் கைப்பிடி மஞ்சளைக் குழியில் போட்டான். அதற்கு அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை. மேலே மலைப்பாதையில் நடைபோகிறவர்கள் நாலைந்து பேர் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். குமுதா குழியோரத்தில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருந்தாள். அவள் யாரையும் கவனிக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவள் குழுவில் எழுதினாள். எழுத்தெண்ணித் தட்டுகிறவள், அரை மணி நேரம் ஆனது. போன வருஷம் நான் போட்ட வீடியோ பொய், அது வேற நாடு, வேற நோய் போல இருக்கு, கட்டி வந்தா உடனே ஆபீஸ்ல சொல்லுங்க, கொல்ல மாட்டாங்க. ஒருவர் கும்பிடும் கைப்படம் போட்டார். இன்னொருவர் காலை வணக்கம் அனுப்பினார், சாயங்காலத்தில். யாரும் அதை வேறு எங்கும் அனுப்பியதாகத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து, சிவகாமி முதல் தடவையாகப் புல்லில் வாய் வைத்த வேளையில், ஜெகதீஸ்வரி அழைத்தாள். மூச்சு வாங்கப் பேசினாள்.

"அக்கா, பார்த்தியா? நான் சொன்னேன்ல. உங்க தண்ணீர்மலைலயே வந்துட்டாங்களாம் லா. வெள்ளச் சட்ட போட்டுக்கிட்டு, கன்னுக்குட்டிய உயிரோட புதைக்கிறாங்க. ஒரு பொம்பள பக்கத்துல நின்னு அழுவுது பாவம். இங்க எல்லா குரூப்புலயும் அந்தப் படம் சுத்துது. என் கருப்பிக்குக் கழுத்துல ரெண்டு கட்டி வந்திருக்கு, நான் யார்கிட்டயும் மூச்சு விடல. சாக்கு போட்டு மூடி வச்சிருக்கேன். நீயும் வாயத் தொறக்காத."

குமுதா கொட்டகைத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தாள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது. இதை எந்தப் பக்கத்திலிருந்து சொல்ல ஆரம்பிப்பது என்று அவளுக்குக் குழப்பமாக இருந்தது.

"ஜெகா, அந்தப் படத்தைப் பெருசாக்கிப் பாரு."

"பார்த்துட்டேன்கா. உண்மையான படந்தான்."

"அந்தப் பொம்பள யாருன்னு பாரு."

ஜெகதீஸ்வரி படத்தை விரித்துப் பார்த்திருப்பாள்.

"ஐயோ. அக்கா, நீயா? நம்ம கன்னா?" என்றாள் ஜெகதீஸ்வரி. "கொன்னுட்டாங்களா அந்தப் பாவிங்க?"

"அவங்க கொல்லலடி" என்றாள் குமுதா. "அவங்க வர்றப்பவே அதால பால் குடிக்க முடியல. நான் ஊரெல்லாம் கேட்டுக்கிட்டே இருந்தேன். நான் கேட்டு முடிக்கிறதுக்குள்ள அது போயிருச்சு."

கடைசியில், அந்த ஆபீஸ் நம்பரை அனுப்பும்படி ஜெகதீஸ்வரி கேட்டாள்.